எந்தக் கடவுள் இல்லை?

தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அருகே இருக்கிறது தீர்த்தமலை. மலையேறி ஸ்ரீதீர்த்தகிரீஸ்வரரையும் வடிவாம்பிகையையும் தரிசிக்கப் போகிறவர்கள், உயரமான பாறையிலிருந்து விழும் ராம தீர்த்தத்தில் நனையாமல் திரும்ப மாட்டார்கள். சிவபூஜைக்குத் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானதால், ஸ்ரீராமர் பாணம் எய்து மலையிலேயே தீர்த்தம் வரவழைத்தார் என்கிறது தலபுராணம். பிந்தி வந்த அனுமன் வீசியெறிந்த தீர்த்தம் விழுந்த இடமே, தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமந்தீர்த்தம்!

இந்தக் கதையைச் சொல்லியபடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக் கொள்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன், 'மழைத் தண்ணி பாறை இடுக்குல கசிஞ்சு வருதும்மா. இதுல சாமி எங்கே இருக்கு?' என்கிறான். அதட்டாதீர்கள். 'சாமின்னு நீ எதைச் சொல்றே?' என்று கேளுங்கள்.

காரணம் சொல்ல முடியாததைச் செய்பவரே சாமி என்றால், காரணம் தெரியத் தெரிய அவர் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்க வேண்டியதுதான். கேட்டதைக் கொடுப்பவர் என்றால், பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போன அன்றே அவர் இல்லாமல் போய்விடுவார். அப்படி ஒருநாள் பூஜையறைக் கதவைச் சாத்தியவர்கள் நம்மில் இல்லையா, என்ன?

தீர்த்தமலைப் பக்கமாக ஓடும் அதே தென்பெண்ணையின் கரைத் தலம்தான் திருவெண்ணெய்நல்லூர். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தில் மொத்தமே 12 சூத்திரங்கள். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் உண்டு என்று முதல் சூத்திரத்தில் நிறுவுகிறார். அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஆறாவது சூத்திரத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்துபோன பீரோ சாவியைத் தேடி எடுப்பதுபோல நம் அறிவுக்கு அகப்படுவது கடவுள் என்றால், அது அழியும் பொருள்களில் ஒன்றாகிவிடும். எவ்வகையிலும் அறியவே முடியாதது என்றால், இல்லாத பொருளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? சிவம் இந்த இரண்டும் அல்ல என்கிறார் மெய்கண்டார். பிறகு எப்படித்தான் அறிவது? அவன் அருளையே கண்ணாகக் கொண்டு என்பது சித்தாந்தம் தரும் விடை.

ஆக, மழைநீர் கசிகிறது என்ற மகனின் பேச்சு உண்மையாகவே இருக்கட்டும். இந்த முதல்வனை அது தொடவில்லை. அவன் மறுத்தது வேறொரு சாமியை!

அவன் விடுவானா? முதல் சூத்திரத்தோடேயே மல்லுக்கு நிற்பான். நிற்கட்டும். மெய்கண்டாரின் சீடரான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், கடவுளை மறுக்கும் உலகாயதரைத்தான் முதலில் பேசவிட்டுப் பதில் சொல்கிறார். உங்களுக்கும் அவசரமில்லை, இறங்குவதற்கு இன்னும் எத்தனையோ படிகள் இருக்கின்றன.