ஆர்த்தத் தியானமும் மனப் பயிற்சியும்

மனச்சோர்வையும் பதற்றத்தையும் குடும்பத்திற்கு இழுக்கெனக் கருதி மறைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் உண்டு. இவற்றுக்கு அணுக்கமான நிலையை உமாஸ்வாமி ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானம் என்கிறார். வேண்டாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோயின் வேதனை, வருங்கால இன்பத்திற்கு ஏங்குதல் என அது நால்வகைப்படும். நான்கிலும் நிகழ்வது, ஒன்றையே மீள மீள நினைத்தல். நம் கொங்கு நாட்டு விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், வாசவதத்தை தீயில் மாண்டாள் என நம்பி உதயணன் வருந்துவது இரண்டாம் வகை. நான்காவது நீங்கலாக ஏனைய மூன்றும் ஆறாம் குணஸ்தானத்து முனிவர்க்கும் நேரக்கூடும். துறந்தார்க்கே அவ்வாறெனில், தேர்வுக்கு அஞ்சி நடுங்கும் பேரனைக் கோழை எனலாமோ?

தியானம் என்பதால் அது மனத்தின் தொழில். ஆகவே திருப்பவும் இயலும். உறுதி மிக்க உடலினர்க்கும் ஒரு பொருளில் மனம் நிற்பது அந்தர்முகூர்த்தமே, அதாவது 48 நிமிடத்திற்குள். தொடங்குவோர்க்கு ஐந்து நிமிடம் போதும். அரிச்சுவடிக் குழந்தையிடம் முதல் நாளே கட்டுரை கேட்பாரில்லை. சாமாயிகத்தில் அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை மெல்லச் சொல்லுக. மனம் விலகினால் கடியாது மீட்டுக் கொணர்க. விலகியதை அறியும் அக்கணமே பயிற்சி. அநித்திய பாவனை பின்னர் வரட்டும். துயரில் ஆழ்ந்தவரிடம் உடனே நிலையாமை பேசுதல் தகாதென்பது நம் கருத்து.

உறக்கமும் பசியும் இரு வாரங்களுக்கு மேல் கெட்டால் மனநல மருத்துவரை நாடுக. வாழ்வே வேண்டாமென்னும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிப் பேசலாம். இரவில் விழுங்கும் மாத்திரைக்கு நம் இராப்போசன விலக்கு இடையூறெனில், மருத்துவரிடம் சொல்லி வேளையை மாற்ற இயலுமா எனக் கேட்கலாம், தாமாக நிறுத்தலாகாது.