கெட்டுப்போகவில்லை உங்கள் பழைய தமிழ்க் கோப்பு

"தம்பி, ஃபைல் கெட்டுப்போச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 2003-இல் அவர் பள்ளி வெளியிட்ட ஆண்டு மலர், நூற்றிருபது பக்கம், ஒரு சிடியில் இருந்தது. திறந்தால் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி டைப் அடித்துத் தர ஒரு கடையில் பக்கத்துக்கு நாற்பது ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கொடுக்காதீர்கள் சார் என்றேன். கோப்பில் ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த ஃபாண்ட் உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண விண்டோஸ் கணினியில் அதைக் காட்ட வழியில்லை. வேலை நிற்குமா? டிடிபி செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் வீடுகளில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்தார்கள். பாமினி ஃபாண்டில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஃபாண்டை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் அந்த ஐந்து குறிகள் மட்டும் மிஞ்சும். இப்படி ஆளுக்கொரு குடியமர்த்தல் நடந்ததால்தான் பாமினி, வானவில், டிஸ்கி, டாப், டாம் என்று இத்தனை பெயர்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முந்திய மலர், பத்திரம், சங்கக் கணக்கு எதை எடுத்தாலும் இந்தச் சிக்கல் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோப்பை நகல் எடுங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அடுத்தது, செய்யவே கூடாத ஒன்று. முழுவதையும் தேர்ந்தெடுத்து ஃபாண்டை லதா என்ற யூனிகோடு ஃபாண்டாக மாற்றிப் பார்ப்பது. பத்தில் எட்டுப் பேர் என்னிடம் வருவதற்கு முன்பே இதைச் செய்து, சேமித்தும் விடுகிறார்கள். தமிழ் வராது. அதோடு, எந்தச் சொல் பாமினியில் அடித்தது, எது உண்மையான ஆங்கிலம் என்று கோப்புக்குள் இருந்த ஒரே அடையாளமும் அழிந்துபோகும்.

ஃபாண்டின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. வேர்டில் ஏதாவது ஒரு வரியில் கர்சரை வைத்தால் மேலே பெட்டியில் பெயர் தெரியும். அந்த ஃபாண்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். பிடிஎஃப் என்றால் அடோபி ரீடரில் கன்ட்ரோல்+டி அழுத்தி ஃபாண்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். எழுத்துகளை மவுசால் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையென்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். அது வேறு வேலை.

பழைய குறியாக்கத்தை யூனிகோடாக்கித் தரும் மாற்றிகள் இலவசம். இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் இருக்கிறது. கணினியில் நிறுவிக்கொள்ள நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. உயில், கிரயப் பத்திரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை எந்த இணையதளப் பெட்டியிலும் ஒட்டாதீர்கள், நிறுவிக்கொண்ட மென்பொருளில் மாற்றுங்கள். எதுவானாலும் முதலில் ஒரு பத்தியை மட்டும் போட்டுப் பாருங்கள். பட்டியலில் பாமினியைத் தேர்ந்தெடுத்தும் குப்பையாக வந்தால் அடுத்த பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஃபாண்டின் பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் குறியாக்கம் வேறாகவும் இருப்பது சகஜம்.

டிஸ்கி, டாப் இரண்டும் ஆங்கிலத்துக்கு அதன் இடத்தை விட்டுவைத்தவை. அவற்றில் ஆங்கிலச் சொற்கள் சேதமில்லாமல் வந்துவிடும். பாமினியில் அப்படியில்லை. மாற்றிக்கு எல்லாமே பாமினிதான். நடுவே டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும் ஆங்கிலப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் தமிழாக்கித் தள்ளிவிடும். பிறகு எது எங்கே இருந்தது என்று தேடுவதற்குள் கண் பூத்துப்போகும். அதனால் மாற்றும் முன்பே வேலி போடுங்கள். வேர்டில் கன்ட்ரோல்+எச். தேடும் பெட்டியைக் காலியாக விட்டு, மோர், ஃபார்மேட், ஃபாண்ட் வழியாக டைம்ஸ் நியூ ரோமனைத் தேர்ந்தெடுங்கள். மாற்றும் பெட்டியில் ஃஃ^&ஃஃ என்று போட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். நடுவில் உள்ள ^& என்பதற்கு 'கண்டுபிடித்ததை அப்படியே திரும்பப் போடு' என்று பொருள். வேலிக்கு நட்சத்திரக் குறி, எண் குறி போன்றவற்றைப் பலர் போடுகிறார்கள். பாமினியில் அவற்றுக்குள்ளும் தமிழ் எழுத்து குடியிருக்கிறது, மாற்றும்போது வேலியும் காணாமல் போகும். யூனிகோடு ஆய்தம் ஏற்கெனவே தமிழ் என்பதால் மாற்றி அதைத் தொடாது. மாற்றி முடித்ததும் ஃஃ என்று தேடித் தேடி, மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களைத் திரும்பப் போடுங்கள். தலைமையாசிரியரின் மலரில் அப்படி நாற்பது இடம்கூட இல்லை.

தமிழ் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். உண்மையான கோளாறு இனிமேல்தான், அது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. ரகரத்தைப் பாருங்கள். பாமினியில் 'ர' என்பதற்குத் தனி விசை உண்டு. ஆனால் ர், ரி இரண்டுக்கும் துணைக்காலைத்தான் அடிப்பார்கள். 'அம்மா'வின் கடைசியில் வரும் எச் விசைதான் 'தலைவர்' என்பதன் கடைசியிலும் வரும், கூடவே ஒரு புள்ளி. அச்சில் இரண்டும் ஒரே வடிவம், அதனால் அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. நல்ல மாற்றி இதைப் புரிந்துகொண்டு 'ஆசிரியர்' என்று தரும். அரைகுறை மாற்றி துணைக்காலைத் துணைக்காலாகவே வைத்து 'ஆசிாியா்' என்று தந்துவிடும். சில ஃபாண்டுகளில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் நீங்கள் தேடினால் கிடைக்காது, பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் இடம் மாறி நிற்கும், செல்போனில் திறந்தால் எழுத்துக்கு நடுவே புள்ளி வட்டம் முளைக்கும். ஆண்டு மலரில் 'ஆசிரியர்' என்று தேடியபோது ஒன்றுகூட வரவில்லை. ஒரு பள்ளி மலரில்!

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். ாி என்பதை ரி ஆகவும், ாீ என்பதை ரீ ஆகவும், ா் என்பதை ர் ஆகவும் மொத்தமாக மாற்றுங்கள். தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். பிழையான வடிவத்தை விசைப்பலகையில் அடிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், கோப்பிலிருந்தே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள்.

ஔகாரத்தில் மட்டும் இந்த வேகம் கூடாது. 'மௌனம்' என்பது 'மெளனம்' என்று, அதாவது ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக வந்திருக்கும். அதை மொத்தமாக மாற்றினால் வெள்ளமும் தெளிவும் நாசமாகிவிடும். மௌன, கௌர, பௌர்ண, பௌத்த, கௌதம என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். எனக்கு இந்தப் பட்டியலே இதுவரை போதுமானதாக இருந்திருக்கிறது.

கடைசியாக ஒகர ஓகாரச் சோதனை. 'கொ' என்ற எழுத்தைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடலில் ஒன்றை ஒன்று அடையாளம் காணாமல் போகலாம். 'பொங்கல்' என்று நீங்களே அடித்துத் தேடுங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல் அகப்படவில்லையென்றால் கோப்பில் உள்ளது பிளவுபட்ட வடிவம். அதை நகலெடுத்து, நீங்கள் அடித்த வடிவத்தால் மாற்றுங்கள். ஓகாரத்துக்கும் அப்படியே.

இந்த மாற்றி கைவசம் இருந்தால் இணையத்தில் மூடிக் கிடக்கும் இன்னொரு கதவும் திறக்கும். இன்டர்நெட் ஆர்கைவ் 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்துவருகிறது. அதன் வேபேக் மெஷினில் பழைய தமிழ்த் தளம் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால், தலையில் கோடும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக ஒரு பக்கம் வரும். நகலெடுத்து டிஸ்கி என்று தேர்ந்தெடுத்து மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தமிழாகிவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பலவும் இப்படி டிஸ்கியில் இருந்தவைதான், பிறகு யூனிகோடுக்கு வந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் ஊரைப் பற்றி எழுதிய பக்கம் வரி வரியாகக் கண்முன் தமிழாகும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

நானூறு பக்கப் பாமினி பிடிஎஃபில் ஒரே ஒரு பெயர்தான் வேண்டுமென்றால் மாற்றவே தேவையில்லை. யூனிகோடிலிருந்து பாமினிக்குத் திருப்பி மாற்றும் வசதியில் அந்தப் பெயரை மட்டும் போடுங்கள். கிடைக்கும் ஆங்கில எழுத்துக் கொத்தை பிடிஎஃபின் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்கும் கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'.