எரிபந்த நோயும் பல நாட்டு ஆய்வாளரின் கூட்டுமுயற்சியும்



நெற்பயிரின் இலைகளில் கண் வடிவான புள்ளிகள் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். புள்ளியின் நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் கபில நிறமாகவும் இருக்கும். கதிர் வெளிவருங் காலத்தில் இந்நோய் கதிரின் கழுத்தைப் பற்றினால், மணி பாலேறாது கதிர் முழுவதும் வெளிறிச் சப்பியாகிவிடும். இதுவே எரிபந்தம். இதனை உண்டாக்குவது ஒரு பங்கசு ஆகும்.

“நோயைத் தாங்கும் இனம் என்று சொல்லி விதைநெல் தந்தீர்கள். சில போகங்களின் பின் அதுவும் நோயுற்றது ஏன்?” என்று கமக்காரர் எம்மைக் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வியே. இதற்குரிய விடையை எந்த ஒரு நாடும் தனித்துக் கண்டறியவில்லை.

பங்கசு தாக்கும் விதம்

காற்றில் மிதந்துவரும் பங்கசின் வித்தி, பனி படிந்த இலையில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. முளையின் நுனியில் கறுத்த சிறு குமிழ் ஒன்று அமைகிறது. அதனுள் எழும் அமுக்கம், மோட்டார்க் காரின் சில்லிலுள்ள காற்றமுக்கத்திலும் ஏறத்தாழ 40 மடங்காகும். அந்த வலுவினாலேயே பங்கசு இலையின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. பின்னர் புள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரக்கணக்கான வித்திகள் அயல் வயல்களுக்குப் பரவுகின்றன.

காவற்காரனும் கள்வனும்

1940களில் அமெரிக்காவின் வட டக்கோட்டாவில் எச். எச். புளோர் என்னும் அறிஞர், ஆளிப் பயிரையும் அதனைத் தாக்கும் துருநோய்ப் பங்கசையும் ஆராய்ந்தார். பயிரில் நோயைத் தடுக்கும் பரம்பரையலகு ஒன்றிருப்பின், அதற்கு நேரான பரம்பரையலகு பங்கசிலும் உண்டென அவர் கண்டார்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். தோட்டத்துக் காவற்காரன் கள்வனை அவனது தலைப்பாகையைக் கொண்டே அடையாளங் காண்கிறான் என வைத்துக்கொள்வோம். கள்வன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு வந்தால் காவற்காரன் ஏமாந்துபோவான். அதுபோலவே பங்கசின் ஒரு பரம்பரையலகில் நேரும் சிறு மாற்றமும், நெல்லின் காவலைப் பயனற்றதாக்கக்கூடும். ஆகவே நோயைத் தாங்கும் இனம் பின்னர் நோயுறும்போது, மாறியது பெரும்பாலும் நெல்லன்று, பங்கசே.

கூட்டுமுயற்சியின் பயன்

2005 ஆம் ஆண்டில் ஆய்வாளர் பலர் ஒன்றுசேர்ந்து, எரிபந்தப் பங்கசின் 7 நிறமூர்த்தங்களிலும் பொதிந்துள்ள பரம்பரைச் செய்தியை வாசித்து வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ 11,000 பரம்பரையலகுகள் உள்ளன என மதிப்பிட்டனர். அதே ஆண்டில், யப்பானின் தலைமையில் இயங்கிய பல நாட்டுக் குழுவொன்று நெல்லின் பரம்பரைச் செய்தியையும் வெளியிட்டது. இவ்வாறு கள்வனின் குறிப்பேடும் காவற்காரனின் குறிப்பேடும் ஒருங்கே கைக்கு எட்டின.

இதன் பயன் 2016 ஆம் ஆண்டில் வங்காளதேசத்தில் வெளிப்பட்டது. அங்கு கோதுமையில் எரிபந்தம் திடீரெனத் தோன்றி, ஏறத்தாழ 15,000 ஹெக்டயர் நிலத்துப் பயிரைத் தாக்கியது. வங்காளதேச ஆய்வாளர் நோயுற்ற இலைகளைச் சேகரித்தனர். இங்கிலாந்திலுள்ள ஆய்வாளரின் துணையோடு பங்கசின் பரம்பரைச் செய்தி வாசிக்கப்பட்டு, உலகோர் யாவரும் காணுமாறு உடனே வெளியிடப்பட்டது. தென்னமெரிக்கக் கோதுமை வயல்களில் உள்ள பங்கசே கடல் கடந்து வந்துள்ளது என்பது சில வாரங்களிலேயே தெளிவாயிற்று. அப்பங்கசு இறக்குமதித் தானியத்துடன் வந்திருக்கலாம் எனவும் கருதப்பட்டது. அது கோதுமையைத் தாக்கும் வகை. எமது நெல்லைத் தாக்கும் வகை வேறு. எனினும் அதிலுள்ள படிப்பினை எமக்கும் உரியதே.

நாடுகள் கைகோத்தல் எமக்குப் புதிதன்று. 1958 ஆம் ஆண்டில் பத்தலகொடவிலிருந்து வெளிவந்த எச் 4 என்னும் நெல், எமது முருங்கக்காயன் இனத்தையும் இந்தோனேசியாவின் மாஸ் இனத்தையும் கலந்து பெறப்பட்டதாகும்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. உறுதிப்படுத்திய, நோயற்ற விதைநெல்லையே விதையுங்கள்.

2. வயல்வெளி முழுவதிலும் ஒரே இனத்தைப் போகந்தோறும் விதைப்பதைத் தவிருங்கள். ஓரினத்தின் காவலை வென்ற பங்கசு, அவ்வெளி முழுவதையும் அழிக்கவல்லது.

3. யூரியாவைச் சிபார்சு செய்த அளவுக்கு மேல் இடாதீர்கள். அதனைப் பல தடவையாகப் பிரித்து இடுங்கள். கரும்பச்சையாய்ச் செழித்த பயிரையே இந்நோய் விரைந்து பற்றும்.

4. வயலில் நீர் வற்றவிடாதீர்கள். வரம்பிலுள்ள புற்களையும் நோயுற்ற வைக்கோலையும் அகற்றுங்கள்.

5. வெளிநாட்டு விதைகளை அனுமதியின்றிக் கொண்டுவரவும் வேண்டாம், அவ்வாறு வந்தவற்றை விதைக்கவும் வேண்டாம். ஒரு கைப்பிடி விதையோடு புதியதொரு நோய் நாட்டினுள் புகுந்துவிடலாம்.

6. நோய்தாங்கும் இனத்தில் புள்ளிகளைக் கண்டால் காலந்தாழ்த்தாது உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். நோயுற்ற இலைகள் சிலவற்றைக் கடதாசி உறையில் இட்டு, இனத்தின் பெயரையும், கிராமத்தையும், விதைத்த திகதியையும் எழுதிக் கொடுங்கள். பொலித்தீன் பையில் இட்டால் இலை அழுகிவிடும்.

ஆறாவதாகக் கூறியதைச் சிறு காரியம் என எண்ணாதீர்கள். ஆய்வுகூடத்தில் எத்துணை நுட்பமான கருவிகள் இருப்பினும், வயலில் தோன்றும் முதற்புள்ளியை முதலிற் காண்பவர் கமக்காரரே. நீங்கள் கொடுக்கும் நாலு இலைகளிலிருந்தே ஆய்வு தொடங்குகிறது. பங்கசு மாறிவிட்டதென்பதை எவ்வளவு விரைவில் அறிகிறோமோ, அவ்வளவு விரைவில் அதற்கேற்ற இனத்தைத் தெரிந்தெடுத்து அடுத்த போகத்தைக் காத்துக்கொள்ளலாம்.