நாலு த்ரெட் போட்டும் வேகம் கூடலையா? புரொஃபைலரைத் திறங்க!

லேபில் எழுதின ஜாவா புரோகிராம். நாலு பெரிய ஃபைல்களில் எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். ஃபைலுக்கு ஒரு த்ரெட் போட்டாச்சு. ஆனா ஒரே த்ரெட் எடுத்துக்கிட்ட நேரம்தான் இப்பவும் ஆகுது. வைவாவில் "ஏன்?" என்று கேட்டால் "எட்டு த்ரெட் போட்டுப் பார்க்கிறேன் சார்" என்பது பதில் ஆகாது. ஊகிக்காமல், முதலில் பாருங்க.

அதற்கு விஷுவல்விஎம் போதும், இலவசம்தான். ஆரக்கிள் ஜேடிகே 8 வரை கூடவே வந்தது, 9 முதல் தனியாக இறக்கிக்கணும்.

1. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பெயர் வையுங்க. இல்லாட்டி "த்ரெட்-0", "த்ரெட்-1" என்றுதான் தெரியும்.

2. புரோகிராமை ஓட விட்டு, இடதுபக்கப் பட்டியலில் அதைத் திறந்து, "த்ரெட்ஸ்" பக்கத்துக்குப் போங்க. த்ரெட்டுக்கு ஒரு பட்டை ஓடும். பச்சை என்றால் ஓடுது; ஊதா, தூங்குது; மஞ்சள், வெயிட்டில் இருக்கு; ஆரஞ்சு, பார்க் ஆகியிருக்கு; சிவப்பு, வேறொரு த்ரெட் வைத்திருக்கும் பூட்டுக்காக நிக்குது.

3. ஒன்று பச்சை, மற்ற மூன்றும் சிவப்பு என்று மாறி மாறி வந்தால் "த்ரெட் டம்ப்" பட்டனை அழுத்துங்க. "பிளாக்டு" என்று இருக்கும் த்ரெட்டுக்குக் கீழே, எந்த மெத்தடில், எந்தப் பூட்டுக்காக நிக்குதுன்னு வரி எண்ணோடு வரும். அதே பூட்டை யார் வைத்திருக்காங்க என்பதையும் அங்கேயே தேடிப் பிடிக்கலாம்.

நம்ம புரோகிராமில் குற்றவாளி, ஒவ்வொரு வரியையும் பிரித்து எண்ணி, பொதுவான ஹேஷ்மேப்பில் சேர்க்கும் சின்க்ரனைஸ்டு மெத்தட். தீபாவளிக்குத் தி.நகர் துணிக்கடைக்கு நாலு பேர் போய், ஒவ்வொரு துணிக்கும் ஒரே பில் கவுண்டரில் தனித்தனியாக வரிசை நின்ற கதைதான் இது. ஆளாளுக்குக் கூடையை நிரப்பிக்கிட்டு, கடைசியில் ஒரே தடவை பில் போட்டால் போதுமே! த்ரெட்டுக்கு ஒரு தனி மேப் கொடுங்க. எல்லாம் முடிந்ததும் ஒன்றாகச் சேருங்க. திரும்ப ஓட்டினால் நாலு பட்டையும் பச்சையாக ஓடணும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 1967-ல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த கணக்கைப் போட்டுப் பாருங்க. வேலையில் 40 சதவீதம் பூட்டுக்குள் நடந்தால், நாலு த்ரெட்டில் அதிகபட்சம் 1.8 மடங்கு வேகம்தான். எத்தனை த்ரெட் சேர்த்தாலும் 2.5 மடங்கைத் தாண்டாது. பூட்டுக்குள் 10 சதவீதம்தான் என்றால், நாலு த்ரெட்டுக்கே 3 மடங்கு கிடைக்கும்.

இரண்டு இடத்தில் ஏமாறாதீங்க. நெட்வொர்க்கிலிருந்து டேட்டா வரக் காத்திருக்கும் த்ரெட்டும் பச்சையாகத் தெரியலாம். அதனால் சிபியு வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்க. ரீஎன்ட்ரன்ட்லாக் பயன்படுத்தினால் பூட்டுக்கான காத்திருப்பு சிவப்பில் வராது, ஆரஞ்சில் வரும். ஆனா வேலையில்லாமல் சும்மா இருக்கும் த்ரெட்பூலும் ஆரஞ்சுதான். எது எதுன்னு டம்ப் சொல்லிடும்.

அடுத்த வைவாவுக்கு அந்தச் சிவப்புப் பட்டையையும், திருத்திய பிறகு வந்த பச்சைப் பட்டையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கிட்டுப் போங்க. "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.