நீக்ரோஸ் தீவின் சர்க்கரையும் வாழையும்: கொள்முதலில் ஒரு பாடம்



"நியாய வணிகம்" என்ற சொல் தேயிலை, காப்பி உறைகளிலெல்லாம் அச்சாகி வருகிறது. கூடுதல் விலை கேட்க ஒரு சாக்கு என்றே நம்மில் பலர் அதை எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சந்தேகம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆயினும் மளிகை, பழ வியாபாரம் செய்யும் நாம் படித்தறிய வேண்டிய ஒரு கொடுக்கல் வாங்கல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்திருக்கிறது.

நீக்ரோஸ் அந்நாட்டின் கரும்புத் தீவு. நாட்டின் சர்க்கரையில் பாதிக்கு மேல் அங்கேதான் உற்பத்தி. நிலம் பண்ணையார்களிடம், உழைப்பவர்களுக்குக் கூலி மட்டும். நடவுக்கும் வெட்டுக்கும் இடையில் வேலையில்லாத மாதங்களை அங்கே 'செத்த காலம்' என்பார்கள். அப்போது கடனுக்கு அரிசி வாங்கி, பிறகு வெட்டுக் கூலியில் கழித்துக்கொள்வது வழக்கம்.

1974இல் பவுண்டுக்கு 60 அமெரிக்க சென்டைத் தாண்டிய உலகச் சர்க்கரை விலை, 1985இல் 5 சென்டுக்கும் கீழே இறங்கியது. பல பண்ணைகளில் கரும்பு நடுவதே நின்றது. கூலி நின்றது, கூலியை நம்பிக் கொடுத்த கடனும் நின்றது. சுற்றிலும் நல்ல நிலம் இருந்தும், நெல்லோ கிழங்கோ போட ஒரு முழம் சொந்தமில்லை. குழந்தைகள் பட்டினியில் மாண்டார்கள்.

1986இல் ஜப்பானில் ஒரு குழு அமைந்து நிவாரணம் அனுப்பியது. கஞ்சி ஊற்றுவது எத்தனை நாளைக்கு? அவர்கள் சரக்கையே வாங்கினால் என்ன என்ற யோசனையில், 1987இல் நீக்ரோஸில் ஆல்டர் டிரேட் என்ற வணிக நிறுவனம் தொடங்கியது. முதல் சரக்கு 'மஸ்கோவாடோ' சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, கழிவுப்பாகைப் பிரிக்காமல் கிளறித் தூளாக்குவது. நம் நாட்டுச் சர்க்கரைக்கு உடன்பிறப்பு! 1989இல் வாழைக்காய் ஏற்றுமதி தொடங்கியது. ஜப்பானில் வாங்கி விநியோகிக்க ஆல்டர் டிரேட் ஜப்பான் என்ற நிறுவனமும் அதே ஆண்டில் பிறந்தது.

வாழையில்தான் நமக்குப் பாடம் அதிகம். 'பலங்கோன்' என்பது மலைச்சரிவில் மற்ற மரங்களுக்கிடையே மருந்தடிக்காமல் வளரும் நாட்டு ரகம். சற்றே புளிப்பு. தோலில் தழும்பு இருக்கும். பெருந்தோட்டத்துப் பழத்தோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு எடுபடாது. நம் மண்டியில் இரண்டாந்தரம் என்று ஒதுக்குவோம். அங்கே அதை வாங்கியவர்கள் ஜப்பானிய நுகர்வோர் கூட்டுறவு சங்கங்கள். உறுப்பினர்கள் முன்கூட்டியே இத்தனை வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதால், எவ்வளவு விற்கும் என்பது சரக்கு வருமுன்பே தெரியும். விளைவிப்பவருக்கு விலையும் முன்பே பேசி முடிவாகிவிடும். சந்தை இறங்கினாலும் மாறாது. விலைக்குள்ளேயே விவசாயிகளின் முன்னேற்ற நிதிக்கு ஒரு பங்கு வைத்திருந்தார்கள்.

எல்லாம் நல்லபடி போயிற்று என்று நினைக்க வேண்டாம். 1990 நவம்பர் புயல் மரங்களைச் சாய்த்தது. பிறகு 1990களின் நடுவில் முடிக்கொத்து நோய் வந்தது. சிறுமலை, விருப்பாட்சி மலைவாழையை விற்ற நம் முந்தைய தலைமுறைக்கு இந்த நோயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அசுவினி பரப்பும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. மரத்தை வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். நல்ல விலை கிடைக்கிறதே என்று வாழையையே நெருக்கி நட்டால் நோய்க்கு வழி விட்டதாகும். நிலையான விலைக்குள் இப்படி ஓர் ஆபத்து இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சாதாரண வியாபாரியாக இருந்தால் வேறு தீவுக்குப் போய் பழைய கணக்கை முடித்திருப்பார். இவர்களும் மற்ற தீவுகளில் கொள்முதலை விரித்தார்கள். ஆனால் நீக்ரோஸை விடவில்லை. பலவகைப் பயிர் போடவும், தோட்டங்களைத் திருத்தவும் துணை நின்றார்கள். நம் மதிப்பில், கூடுதல் விலையைவிட இதுவே பெரிது. விலை ஒரு பருவத்துக்கு உதவும். சரக்கு இல்லாத வருடத்திலும் கணக்கை மூடாத வியாபாரியை நம்பித்தான் குடியானவன் அடுத்த கன்று நடுகிறான்.

நிலத்தை வியாபாரம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு 1988ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வேண்டியிருந்தது. அதன்படி நிலம் பிரிப்பதும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அப்படி நிலம் பெற்ற பழைய கூலிக்காரர்கள் சிலர், தங்கள் சொந்தக் கரும்பை வெட்டி இதே மஸ்கோவாடோ சர்க்கரைக்கு விற்றார்கள்.