கோப்பைக்கு விலை போட்டோம், வாங்குக்குப் போட்டோமா?



தேநீர்க் கடை, ஜூஸ் கடை, பலூடா கடை என்று குடிபானம் விற்கும் தொழிலில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். புதிதாக இறங்க நினைக்கும் இளைஞர்களும் என்னிடம் வந்து பேசுவதுண்டு. "ஒரு பிளேன்டீயில் எவ்வளவு மிஞ்சும் நானா?" என்பதுதான் அவர்களுடைய முதற் கேள்வி. கேள்வி சரியானதுதான். ஆனால் அது அரைவாசிக் கேள்வி. மற்ற அரைவாசியை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். அந்தப் பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நான் செய்த பிழை

எங்கள் ஊர்ச் சந்தியில் வாப்பா நடத்திய தேநீர்க் கடை என் பொறுப்புக்கு வந்தபோது, அங்கே நான்கு மார்பிள் மேசைகளும் எட்டு நீள வாங்குகளும் இருந்தன. அஸர் தொழுகை முடிந்ததும் வயதான ஹாஜியார் ஒருவர் வருவார். ஒரு பிளேன்டீ எடுப்பார். மஃரிப் பாங்கு சொல்லும் வரை அதே மூலையில் இருப்பார். ஒரு பிளேன்டீக்கு ஒன்றரை மணித்தியாலம்! எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

2015ஆம் ஆண்டு மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கடையைத் திருத்தினேன். மேசைகளையும் வாங்குகளையும் பின்னால் ஒதுக்கிப் போட்டுவிட்டு, சுவரோரமாக நின்று குடிக்கும் உயரத்தில் பலகை அடித்தேன். ஆட்கள் வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள், விற்பனை இரண்டு மடங்காகும் என்பது என் கணக்கு.

திறந்த முதல் கிழமையில் ஹாஜியார் வந்தார். பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பாதிக் கோப்பை குடித்தார். காசை வைத்துவிட்டுச் சொன்னார்: "மகன், தாகத்துக்கெண்டா வீட்டில தண்ணி இருக்கு. தேத்தண்ணிக் கடைக்கு வாறது அதுக்கில்ல."

உட்கார்ந்து அருந்துவது நபிவழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நான், கடைக்கு வரும் பெரியவரை நிற்க வைத்திருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆறு மாதம் கழிந்து பழைய கணக்குக் கொப்பியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலை விற்பனை சற்றுக் கூடியிருந்தது. மாலை விற்பனை ஏறக்குறைய அரைவாசியாக இறங்கியிருந்தது. அதிலும் தேநீரைவிட ரோல்ஸ், வடை, பனிஸ் ஆகியவற்றின் விற்பனைதான் மோசமாக விழுந்திருந்தது. கண்ணாடி அலுமாரியில் மிஞ்சியதை இரவில் கொட்ட வேண்டியிருந்தது. மச்சானுக்குச் சொன்ன தவணைக்குக் காசு கொடுக்க முடியவில்லை. கடையின் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் விசாரித்துப் பார்த்தேன். ஹாஜியார் தனியாக வந்தவர் அல்லர். அவரைத் தேடி ஒரு மர வியாபாரி வருவார். காணித் தரகர் ஒருவர் வருவார். லொறிச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் இருந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள். வாங்கை எடுத்ததும் அந்தக் கூட்டம் முழுவதும் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்த கடைக்குப் போய்விட்டது. நட்டக் கணக்கில் நான் எழுதி வைத்திருந்த மனிதர்தான் என் மாலை வியாபாரத்தைக் கொண்டுவந்து கொண்டிருந்தார்.

பானத்தின் வரலாறு சொல்வது என்ன?

இதை நான் முன்பே வரலாற்றிலிருந்து படித்திருக்கலாம். கோப்பி குடிக்கும் பழக்கத்தை உலகுக்குத் தந்தது முஸ்லிம் உலகம்தான். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருகளில் கண்விழித்திருப்பதற்காக அதனை அருந்தினார்கள். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. மது விலக்கப்பட்ட சமூகத்தில், மாலையில் நாலு பேர் கூடியிருந்து பேசுவதற்கு ஓர் ஆகுமான காரணம் கிடைத்தது.

1511ஆம் ஆண்டு மக்காவின் அதிகாரி காயிர் பேக், உலமாக்களையும் வைத்தியர்களையும் கூட்டி கோப்பிக்குத் தடை விதித்தார். அத்தடை நெடுநாள் நிலைக்கவில்லை. 1550களின் நடுப்பகுதியில் அலெப்போவிலிருந்து ஒருவரும் டமஸ்கஸிலிருந்து ஒருவருமாக இரு சிரியா நாட்டு வியாபாரிகள் இஸ்தான்பூலில் கோப்பிக் கடைகளைத் திறந்ததாக உஸ்மானிய வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதியிருக்கிறார். 1633இல் சுல்தான் நான்காம் முராத் கோப்பிக் கடைகளை மூடச் செய்தார். இலண்டனில் முதலாவது கோப்பிக் கடை 1652இல் திறக்கப்பட்டது. 1675 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் கோப்பிக் கடைகளை மூடும்படி பிரகடனம் செய்து, எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அதை வாபஸ் பெற்றார்.

மக்காவில் விவாதம் பானத்தைப் பற்றியும் நடந்தது என்பது உண்மை. ஆனால் ஆட்சியாளர்களை அதிகம் கலங்க வைத்தது அதைச் சுற்றி மனிதர்கள் உட்கார்ந்து பேசியதுதான். அவர்கள் பயந்த அதே விடயத்தில் வியாபாரிகள் வாய்ப்பைக் கண்டார்கள்.

இலண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவர் 1680களில் ஒரு கோப்பிக் கடை நடத்தினார். கப்பல் தலைவர்களும் சொந்தக்காரர்களும் வர்த்தகர்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை எழுப்பிவிட அவர் அவசரப்படவில்லை. அவர்களுக்குத் தேவையான கப்பல் செய்திகளைத் திரட்டிக் கொடுத்தார். 1696இல் அதற்கென்று ஒரு செய்தித்தாளையே வெளியிட்டார். கடலில் போகும் கப்பல்களுக்கான காப்புறுதி அந்த மேசைகளிலே பேசி முடிக்கப்பட்டது. இன்று உலகம் அறிந்த லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை அந்தக் கடையிலிருந்து வளர்ந்ததுதான்.

யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் துருக்கியக் கோப்பிக் கலாசாரத்தையும், 2015இல் அரபுக் கோப்பியையும் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அரபுக் கோப்பியைச் சேர்த்தபோது அதனைத் தாராள மனத்தின் அடையாளம் என்றே பெயரிட்டது. கோப்பிக் கொட்டைக்கு அல்ல, விருந்தோம்பலுக்குக் கிடைத்த மரியாதை அது.

நமது நாட்டிலும் ஒரு காலத்தில் கோப்பிதான் பிரதான தோட்டப் பயிர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கண்டறியப்பட்ட இலை நோய் பின்வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. கோப்பையில் இருந்த பானம் மாறியது. கூடியிருந்து குடிக்கும் பழக்கம் மாறவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம்

விளங்குவதற்காக இலேசான எண்களை எடுக்கிறேன். உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பிளேன்டீ 50 ரூபா. தேயிலை, சீனி, காஸ் எல்லாம் 20 ரூபா. மிச்சம் 30 ரூபா. கடை வாடகை, சம்பளம், லைட் பில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6,000 ரூபா என்று வைப்போம். அப்படியானால் செலவை ஈடுகட்டவே 200 கோப்பை விற்க வேண்டும்.

நான்கு பேர் நின்று குடிக்கும் இடத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால், ஒரு மணித்தியாலத்தில் 24 பேர் வந்து போகலாம். மிச்சம் 720 ரூபா. நான் மயங்கியது இந்தக் கணக்கில்தான். ஆனால் அந்த 24 பேரும் வர வேண்டுமே! பஸ்ஸுக்கும் வேலைக்கும் ஓடும் காலை நேரத்தில் வருவார்கள். மாலை ஐந்து மணிக்கு எங்கள் சந்தியில் வருவதில்லை. நின்று குடித்துவிட்டுப் போனவர்கள் நான்கு பேர் மட்டும் என்றால் மிச்சம் 120 ரூபாதான்.

அதே நான்கு பேர் ஒரு மேசையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால்? முதலில் நான்கு பிளேன்டீ, பேச்சு நீண்டால் இன்னும் இரண்டு. ஆறு கோப்பைக்கு 180 ரூபா. நான்கு ரோல்ஸ், ஒன்றில் 25 ரூபா மிச்சம் என்றால் 100 ரூபா. ஆக 280 ரூபா. நான்கு மேசைகள் மாலையில் மூன்று மணித்தியாலம் இப்படி நிறைந்தால் 3,360 ரூபா. அன்றைய செலவில் அரைவாசிக்கும் மேல் அங்கேயே வந்துவிடுகிறது.

ஆகவே, கியூ நிற்கும் நேரத்தில் இடம் விலை உயர்ந்தது. ஆளில்லாத நேரத்தில் வெறும் வாங்கினால் ஒரு சதமும் வராது. அதில் ஒருவர் இருந்தால் அவர் இன்னொருவரைக் கொண்டுவருவார்.

செய்து பார்க்க வேண்டியவை

1. இரண்டு கிழமைகளுக்கு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை லாச்சியை எண்ணி எழுதுங்கள். எந்த நேரம் உங்களுக்கு ஓட்ட வியாபாரம், எந்த நேரம் இருக்கை வியாபாரம் என்பது தானாகத் தெரியும். நான் இப்போது காலைக்குப் பலகையும் மாலைக்கு வாங்குமாக இரண்டையும் வைத்திருக்கிறேன்.

2. உட்கார்ந்திருப்பவரின் மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்து அவரை எழுப்பாதீர்கள். "இன்னொன்று போடவா?" என்று ஒருமுறை கேளுங்கள். இரண்டாவது கோப்பை பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் விற்கிறது.

3. சுவையை மாற்றாதீர்கள். ஓடுகிறவருக்குச் சூடு போதும். உட்கார்ந்து குடிப்பவர் நாவில் எல்லாம் தெரியும். தூளைக் கரண்டி அளவில் போடுங்கள். நெடுநேரம் அடுப்பில் கிடந்த சாயம் கசக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சீனியைத் தனியாகக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர் மகிழ்வார், உங்களுக்கும் சீனி மிஞ்சும்.

4. கடன் கொப்பியில் கவனமாக இருங்கள். தினமும் வந்து உட்காருபவர்தான் கடனும் கேட்பார். ஆளுக்கு ஓர் எல்லை வையுங்கள். அவர் கண்முன்னே எழுதுங்கள். சம்பள நாளில் கணக்கை முடியுங்கள். தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்வதில் சோர்வடைய வேண்டாம் என்பது சூரதுல் பகராவின் 282ஆம் வசனம் தரும் வழிகாட்டல். எழுதாத கடனால் நாம் காசை மட்டுமல்ல, வாடிக்கையாளரையும் இழக்கிறோம். கொடுக்க முடியாதவர் வெட்கப்பட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்.

வியாபாரத்துக்கு மேலே ஒரு பொறுப்பு

பலருக்கு மாலைப் பொழுதைக் கழிக்கப் பெரிய செலவு செய்ய வசதியில்லை. ஒரு கோப்பைத் தேநீரும் நாலு பேரின் பேச்சும்தான் அவர்களுடைய பொழுதுபோக்கு. அது ஹலாலான பொழுதுபோக்கு. நம் ஊர்களில் போதைப்பொருள் இளைஞர்களைத் தேடி வரும் இந்தக் காலத்தில், வெளிச்சமான, பெரியவர்களும் இருக்கின்ற ஓர் இடம் ஊருக்குத் தேவை. அந்த இடத்தை நடத்துபவர் நீங்கள் என்றால் அது ஓர் அமானிதம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட் விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். புறம் பேசுவதும் சூதாடுவதும் உங்கள் மேசைக்கு வந்தால், அன்பாக ஒரு வார்த்தை சொல்லும் உரிமை முதலாளிக்கு உண்டு.

2016இல் மேசைகளையும் வாங்குகளையும் கழுவித் திரும்பவும் போட்டேன். மர வியாபாரி வந்தார். லொறிக்காரர்களில் ஒருவர் வந்தார். தரகர் வரவில்லை, போன வாடிக்கையாளர் எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஹாஜியார் அப்போது படுக்கையில் விழுந்திருந்தார். அஸருக்குப் பிறகு ஒரு சிறிய பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி அவர் வீட்டுக்கு அனுப்பி வந்தேன். ஒருநாள் நானே கொண்டு போனேன். "வாங்கப் போட்டியாமே?" என்று கேட்டார். "ஓம் ஹாஜியார், உங்கட மூலை அப்படியே இருக்கு" என்றேன். சிரித்தார். அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

2022இல் காஸுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, பால் டீயை நிறுத்த வேண்டி வந்தது. பல நாட்கள் விறகில் தண்ணீர் சுட வைத்து பிளேன்டீ மட்டும் கொடுத்தோம். மாலையில் வாங்குகள் நிறைந்தே இருந்தன. கரண்ட் இல்லாத வீட்டில் இருட்டில் இருப்பதைவிட, நாலு பேரோடு ஒரு மெழுகுதிரி வெளிச்சத்தில் இருப்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. கடையும் அந்தக் காலத்தைத் தாண்டியது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கடை மூலையிலும் ஒரு கோப்பையோடு நெடுநேரம் இருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவரை எழுப்புவதற்கு முன்னர், அவரைத் தேடி யார் யார் வருகிறார்கள் என்று ஒரு கிழமை பார்த்து எழுதுங்கள். பிறகு முடிவெடுங்கள். வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய வியாபாரங்களிலும் பரகத் செய்வானாக.