அளவறிந்த அக்கறை

ஈசூனில் உள்ள ஓர் அடுக்குமாடி வீடு. அதன் சன்னல் ஓரத்தில் உள்ளங்கையில் அடங்கும் சிறு தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்த செடி, விரிந்த ரோசாப்பூவைப்போலத் தடித்த பச்சை இலைகளை வட்டமாக அடுக்கி வைத்திருந்தது. பிறந்தநாள் பரிசாக வந்த அந்தச் செடிக்கு, உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி நாள்தோறும் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் குழைந்தன. தொட்டுப் பார்த்தபோது செடி வேரைவிட்டுக் கழன்று கையோடு வந்தது.

"ஒருநாள்கூட மறக்கவில்லையே, பாட்டி!" என்று அவள் வருந்தினாள்.

"வாசலில் தலைகீழாகத் தொங்குகிறதே கற்றாழை, அதற்கு யாரம்மா தண்ணீர் ஊற்றினார்கள்?" என்று கேட்டார் பாட்டி.

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. செடியின் பெயர் ஹவோர்த்தியா. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது, சோற்றுக்கற்றாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணேறு படாமலிருக்க வாசலில் கட்டப்படும் கற்றாழை, மண்ணும் நீரும் இன்றிப் பல நாள் பசுமையாக இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் சதைப்பற்றுள்ள இலைகளே அதற்குத் தண்ணீர்த் தொட்டி. ஹவோர்த்தியாவும் அப்படித்தான். மழை பெய்யும்போது நீரைச் சேமித்து, வறண்ட காலத்தில் சிறிது சிறிதாகச் செலவிடும்.

சேமித்த நீரைக் காக்க அதனிடம் இன்னொரு வழியும் உண்டு. பெரும்பாலான தாவரங்கள் இலைத்துளைகளைப் பகலில் திறக்கின்றன. ஹவோர்த்தியாவோ இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது; பகல் வெயிலில் துளைகளை மூடி, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. ஈசூன் மண்ணுக்கு இந்த உத்தி புதிதன்று. ஈசூன் என்பது, அன்னாசி, இரப்பர்த் தொழில்களில் புகழ்பெற்ற லிம் நீ சூன் அவர்களின் பெயருடைய மாண்டரின் வடிவம். அவருக்குச் செல்வம் சேர்த்த அன்னாசிச் செடியும் இலைகளை வட்டமாக அடுக்கி, இரவில் இலைத்துளைகளைத் திறக்கும் செடிதான்!

ஆனால், அன்னாசிக்கு ஒத்துப்போகும் சிங்கப்பூரின் ஈரம் ஹவோர்த்தியாவுக்குச் சோதனையாகிறது. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதனால், தொட்டி மண் எளிதில் காய்வதில்லை. எப்போதும் நனைந்திருக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகிவிடும். கரையோரப் பூந்தோட்டங்களில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மலர்க் குவிமாடம், வறண்ட நிலத் தாவரங்களுக்காகக் குளிர்ச்சியாகவும் ஈரம் குறைவாகவும் வைக்கப்படுகிறது. வீட்டில் அந்த வசதி இல்லை. அங்கே இயந்திரம் செய்வதை, இங்கே வளர்ப்பவரின் பொறுமைதான் செய்யவேண்டும்.

முதலில், தொட்டியின் அடியில் துளை இருக்கவேண்டும். மண்ணோடு ஏறத்தாழ அதே அளவு பருமணலையோ பெர்லைட் துகள்களையோ கலந்தால் நீர் விரைவாக வடியும். தண்ணீர் ஊற்றுவதற்கு நாள்காட்டியைப் பார்ப்பதைவிட மண்ணைப் பார்ப்பதே நல்லது. சாத்தே குச்சி ஒன்றை அடிவரை செருகி எடுத்தால் போதும். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் காத்திருக்கவேண்டும். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றலாம். இலைகளின் நடுவில் நீர் தேங்கக்கூடாது.

செடியும் தன் நிலையைச் சொல்லும். இலை மெலிந்து சுருங்கினால் தாகம். மஞ்சளாகிக் குழைந்தால் நீர் மிகுதி. வெளிச்சத்தைத் தேடி நீண்டு வளர்ந்தால் ஒளிக்குறைவு. சிவந்து பழுப்பானால் கடும் வெயில். இயற்கையில் புதர்களின் நிழலில் வளர்வதால், சன்னல் ஓரத்து மிதமான வெளிச்சமே இதற்குப் போதும்.

அடுக்குமாடி வாழ்க்கையில் அக்கம்பக்கத்தாரையும் நினைக்கவேண்டும். தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிடவேண்டும். தேங்கவிட்டால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். கைப்பிடிச் சுவரின்மேல் வைக்கும் தொட்டி, கீழே செல்வோரின் தலையில் விழக்கூடும். தாழ்வாரத்தில் செடி வைப்போர், அவசர வேளையில் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலமாவது வழிவிடவேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அன்பும் அப்படித்தான். எதிரிலிருக்கும் உயிருக்கு என்ன தேவை என்று அறியாமல் காட்டும் அன்பு, அதற்குச் சுமையாகிவிடும்.

அழுகிய செடியை எறியப்போன மாணவி, அதன் அடியில் விரல்நுனி அளவில் ஒரு பக்கக்கன்று உறுதியாக இருப்பதைக் கண்டாள். அதைப் பிரித்தெடுத்து, வெட்டுப்பகுதி உலரும்வரை சில நாள் நிழலில் வைத்திருந்து, புதிய மண்கலவையில் நட்டாள். இப்போதும் பள்ளிக்குக் கிளம்புமுன் தொட்டியருகே செல்கிறாள். குச்சியைச் செருகி எடுத்துப் பார்க்கிறாள். ஈரம் தெரிந்தால், தண்ணீர்க் குவளையைத் திரும்ப வைத்துவிட்டுப் புறப்படுகிறாள்.